எருமைத் தொட்டியில் எடுத்த விதை

என் மனைவி திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். தைத்து வரும் பனியனை மேசையில் விரித்துப் பார்க்க வேண்டும். ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசி விட்ட இடம், சாயம் ஏறாத இடம். நல்லது வலது பக்கம் போகும். பழுது இடது பக்கம் போகும். கல்யாணமாகி வந்த வருடம் அந்த மேசைக்குப் போனாள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் போய்க்கொண்டிருந்தாள். நாள் முழுக்க நின்றபடி செய்யும் வேலை. வீட்டுக்கு வந்ததும் கால் பிடித்துவிடுவேன். வேண்டாம் என்பாள். காலை மட்டும் இழுத்துக்கொள்ள மாட்டாள்.

நான் சாயப்பட்டறையில் இருந்தேன். பட்டறையை மூடிவிட்டார்கள். அங்கே இங்கே கொஞ்ச காலம் ஓட்டினேன். இருமல் விடவில்லை. சொந்த ஊர் கொமரலிங்கத்தில் என் அப்பன் கட்டிய வீடு பூட்டிக் கிடந்தது. அவளும் வேலையை விட்டாள். இரண்டு பேரும் வந்துவிட்டோம்.

மக்காச்சோள விதைக் கம்பெனி ஒன்று அங்கே நிலம் குத்தகைக்குப் பிடித்து ஆராய்ச்சிப் பண்ணை வைத்திருந்தது. எனக்கு அதில் தண்ணீர் விடும் வேலை கிடைத்தது. பண்ணையைப் பார்த்துக்கொண்டவர் ஒரு பெண். தூத்துக்குடிப் பக்கம். பெரிய படிப்பு. வயசு என் மகள் வயசுதான் இருக்கும். நான் அம்மிணி என்று கூப்பிடுவேன். அவர் என்னை அண்ணாச்சி என்பார்.

ஒரு நாள், "கண்ணு நல்லாத் தெரியுத பொம்பளையாளு நாலு பேரு வேணும் அண்ணாச்சி. விதை பிரிக்கணும்" என்றார்.

"என்ற வீட்டுக்காரி இருக்குதுங்க. செக்கிங்ல இருந்தவ."

"செக்கிங்கா? அப்ப நாளைக்கே வரச் சொல்லுங்க."

இதைச் சொன்னபோது என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. "நிக்கோணுமா உக்காந்துக்கலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"உக்காந்துதான்."

"அப்பப் போலாம்."

அந்தப் பண்ணையில் என்ன செய்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன்.

மக்காச்சோளச் செடி ஒவ்வொன்றுக்கும் குணம் இரண்டு பங்காக இருக்கும். ஒரு பங்கு தாய் கொடுத்தது. ஒரு பங்கு தகப்பன் கொடுத்தது. நல்ல செடி என்று ஒன்றைப் பார்த்து அதன் விதையை எடுத்துப் போட்டால் பிள்ளைகள் ஆளுக்கொரு மாதிரி வரும். அதிலே நல்லதை எடுத்து, அதன் பூந்தூளை அதற்கே போட்டு, மறுபடி விதைத்து, மறுபடி எடுத்து, இப்படி ஏழெட்டுப் போகம் போனால்தான் குணம் நிலைக்கும். எனக்கு இது சாயத்தில் பார்த்துப் பழகிய சங்கதி. சாம்பிள் துண்டு அழகாக வரும். வாங்குகிறவன் சரி என்பான். மொத்தத் துணியைப் போட்டால் லாட்டுக்கு லாட் ஷேடு மாறும்.

அம்மிணி செய்தது குறுக்கு வழி. அதற்கென்றே இருக்கும் ஒரு ரகத்தின் பூந்தூளைத் தாய்க் கதிரில் போடுவார்கள். அப்படிப் போட்டால் பெரும்பாலான மணிகள் வழக்கம்போலப் பிடிக்கும். கொஞ்ச மணிகளில் மட்டும் தகப்பன் பங்கு கருவில் சேராமல் போய்விடும். தாயின் பங்கு மட்டும் இருக்கும். அதை நாங்கள் ஒத்தை என்போம். அந்த ஒத்தை முளைக்கும்போது ஒரு மருந்து கொடுத்தால், இருக்கிற ஒரு பங்கு அதே மாதிரி இன்னொரு பங்காகும். ரெட்டை. இரண்டும் ஒன்றே என்பதால் பிறகு பிரிந்து மாற வழியில்லை. செடியைப் பார்த்தால் எப்படி இருக்கிறதோ அதுதான் அதன் குணம். நம்பித் தேர்ந்தெடுக்கலாம். ஏழெட்டுப் போக வேலை இரண்டு போகத்தில் முடியும்.

"சாம்பிளும் மொத்தமும் ஒண்ணா வர்ற மாதிரிங்களா அம்மிணி?"

"அதேதான் அண்ணாச்சி. அதுக்குத்தான் இவ்வளவு பாடும்."

ஒத்தை எது என்று கண்டுபிடிக்க நிறம்தான் அடையாளம். அந்தத் தகப்பன் ரகம் ஊதா நிறம் கொடுக்கும். மணியின் தலையிலும் ஊதா இருந்து, புரட்டினால் நடுவில் கருவிலும் ஊதா இருந்தால் அது வேண்டாத மணி. தலையில் ஊதா இருந்து கரு வெள்ளையாக இருந்தால் அது ஒத்தை. அதைத்தான் எடுக்க வேண்டும். பத்து மணியில் ஒன்று தேறினால் பெரிது.

பெண்கள் அதற்கும் பேர் வைத்தார்கள். கரு ஊதாவாக இருந்தால் அப்பன் சாடை. வெள்ளையாக இருந்தால் அம்மா பிள்ளை.

"இந்தாக்கா, இது அப்பன் சாடை. தூக்கிப் போடு."

"எங்க ஊட்டுல ரெண்டும் அப்பன் சாடைதான். எங்க போய்ப் போடறது?"

இப்படிப் பேசிக்கொண்டே பிரிப்பார்கள். என் மனைவி அதிகம் பேச மாட்டாள். சிரிப்பாள். சாயங்காலம் நடந்து வரும்போது அவர்கள் பேசியதை எனக்குச் சொல்வாள். திருப்பூரில் இருந்தவரை வேலையில் நடந்ததை வீட்டில் சொன்னதே இல்லை.

மருந்தைப் பற்றி ஒரு நாள் வந்து சொன்னாள். "அது கண்வலி விதையில இருந்து எடுக்கறதாமாங்க. அம்மிணி சொன்னாங்க." அவள் பிறந்தது மூலனூர்ப் பக்கம். அங்கே காடு முழுக்கக் கண்வலிக் கிழங்குதான், புத்தகத்தில் செங்காந்தள் என்பார்கள். சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும். கல்யாணத்துக்கு முன்னால் காலையில் போய்ப் பூவுக்குப் பூ தூள் தொட்டு வைக்கும் வேலைக்குப் போயிருக்கிறாள். அந்த விதை வெளிநாட்டுக்குப் போகிறது என்று தெரியும். எதற்கு என்று தெரியாது. "விஷம் அது. மாடுகூட வாய் வெக்காது. அதைக் கொண்டுதான் இதை ஆளாக்கறாங்களாமா" என்று இரண்டு தடவை சொன்னாள். அவளுக்கு அது சந்தோஷமாக இருந்தது.

அம்மிணிக்கு ஒரு தாய்ச் செடியின் மேல் தனி எண்ணம் இருந்தது. படைப்புழு வந்து குருத்தெல்லாம் தின்றுபோன ஒரு தோட்டத்தில், சில செடிகள் மட்டும் இலை கிழிந்தாலும் கதிர் விட்டு நின்றனவாம். தோட்டக்காரரிடம் கேட்டு அந்தக் கதிர்களை வாங்கி வந்தார். விதை கொஞ்சம்தான். எல்லாவற்றையும் ஒரே பாத்தியில் விதைத்துவிட்டார். மேலிடத்தில் இதற்கு அவ்வளவு விருப்பம் இல்லை. இந்தப் போகத்தில் ஒன்றும் வராவிட்டால் அந்தத் தாயை விட்டுவிடச் சொல்லியிருந்தார்கள்.

"எப்படியும் நாலு ரெட்டை எடுத்துருவோம் அண்ணாச்சி" என்பார். அந்தப் பாத்திக்குத் தண்ணீர் விடும்போது கூடவே வந்து நிற்பார்.

அதில் விளைந்த கதிர்கள் உலர்ந்து பிரிக்க வந்தபோது, என் மனைவியின் மேசைக்குக் கொடுத்தார். "இது நீங்க பாருங்கக்கா. வேற யாருக்கும் குடுக்க மனசில்ல."

அன்றைக்குப் புதிதாக இரண்டு டப்பாக்கள் வைத்திருந்தார்கள். அதுவரை தட்டில் கொட்டி ஒத்தையை மட்டும் பொறுக்கி ஒரு கவரில் போடுவது. இப்போது மணி நிறைய இருந்ததால், கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து, ஒத்தையை வலது டப்பாவிலும் மற்றதை இடது டப்பாவிலும் போடச் சொன்னார்கள். இடது டப்பா நிறைய நிறைய, எல்லா மேசையிலும் இருந்து கொண்டுபோய் ஒரே சாக்கில் கொட்டுவார்கள்.

அவள் முதலில் சரியாகத்தான் போட்டாள். பிறகு கை பழைய வழிக்குப் போய்விட்டது. செக்கிங் மேசையில் நிறம் ஏறாத துண்டு கண்ணில் பட்டால் கை இடது பக்கம் வீசும். எத்தனையோ வருடம் வீசிய கை. வெள்ளைக் கரு தெரிந்தது. இடது பக்கம் வீசியது. ஊதா முழுசாக இருந்தது. வலது பக்கம் வைத்தது. அவள் கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஒரு ஒத்தையைக்கூடத் தவற விடவில்லை. எல்லாவற்றையும் சரியாகக் கண்டுபிடித்துச் சாக்குக்கு அனுப்பிவிட்டாள்.

மத்தியானத்துக்கு மேல் அம்மிணி வந்து பார்த்தார். வலது டப்பா பொங்கி வழிந்தது. ஒரு பிடி அள்ளினார். புரட்டினார். நான் விதைக் கொட்டகை வாசலில் ஹோஸ் சுருட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. பெண்கள் பேச்சு நின்றுவிட்டது. அதனால் எட்டிப் பார்த்தேன்.

"அக்கா, இதுல இருந்த வெள்ளையெல்லாம் எங்கக்கா?"

என் மனைவி டப்பாவைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள்.

"சாக்கு எங்க?" என்றார் அம்மிணி.

சாக்கு இல்லை. பண்ணைக்கு டீ போடப் பால் ஊற்றும் பால்காரர் வேண்டாத மணியைத் தினமும் எருமைக்கு எடுத்துப்போவது வழக்கம். அன்றைக்கும் எடுத்துப்போய்விட்டார்.

நான் என் வண்டியை எடுத்தேன். அம்மிணி பின்னால் ஏறிக்கொண்டார்.

பால்காரர் தொட்டியடியில் நின்றுகொண்டிருந்தார். எருமை தொட்டியில் தலையை விட்டிருந்தது.

"ஏனுங்க, பண்ணைச் சோளத்தை ஊறப் போட்டாச்சுங்களா?"

"வந்தொடனே போட்டனுங்க. ஏன், திருப்பிக் கேக்கறாங்களா?"

"ஆமாங்க."

"தின்னதையுமா?"

நான் அதற்குள் எருமையின் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அது வரவில்லை. அம்மிணி செருப்பைக் கழற்றிவிட்டு அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்துத் தள்ளினார். பால்காரர் பதறிப்போய், "முட்டீரும் கண்ணு, அக்கட்டால போங்க" என்று தானே இழுத்துக் கட்டினார்.

தொட்டியில் தவிடு, பிண்ணாக்கு, உப்பு, தண்ணீர். அதற்குள் சோளம். முக்கால்வாசி போயிருந்தது. இருந்ததை அப்படியே இரண்டு குடத்தில் மொண்டு எடுத்து வந்தோம். மற்ற மேசைகளில் ஒத்தையைப் பொறுக்கிவிட்டுத்தான் சாக்கில் போட்டிருப்பார்கள். ஆகவே அந்தக் கலங்கலில் வெள்ளைக் கரு தெரிந்தால் அது அந்தத் தாயுடையதுதான். அது ஒன்று நல்லதாகப் போயிற்று.

வெள்ளைப் பனியன் துணியை விரித்து அதன் மேல் கொட்டிக் கழுவினோம். பெண்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சுற்றி உட்கார்ந்து பொறுக்கினார்கள்.

"இனி அந்த எருமை ஊதாப் பால் கறக்கும் பாரு."

"கறந்தா கம்பெனிக்காரங்க அதுக்கும் ஒரு பேரு வெச்சு வித்துருவாங்க."

"பால்காரரு சாணியக் காட்டினாரா அம்மிணி? அதுலயும் தேடிப் பாக்கலாமுங்க."

அம்மிணிகூடச் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். என் மனைவி சிரிக்கவில்லை. தலை நிமிராமல் பொறுக்கினாள். பிண்ணாக்கு வாடையோடு, ஒரு கை கொள்ளும் அளவு ஒத்தை கிடைத்தது. எடுத்து அம்மிணி கையில் கொடுத்தாள். முந்தானையில் கை துடைத்தாள். என்னிடம் சொல்லாமல் வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் சோறு கட்டினாள். ஒரு டப்பாதான்.

"ஏம்புள்ள, நீ வரலயா?"

"எனக்கு அது சரிப்படாதுங்க."

"அம்மிணி ஒண்ணும் சொல்லலயே."

"சொல்லியிருந்தா வந்துருப்பேன்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவளைக் கேட்டுப் பதில் வாங்குவது எனக்கு எப்போதும் வராது.

பக்கத்தில் ஒருவர் பனியன் கட்டு எடுத்துவந்து வீட்டுக்கு வீடு பிசிர் நூல் வெட்டக் கொடுப்பார். அதை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கத்தரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

பண்ணையில் அந்த விதைகளை ஈரக் காகிதத்தில் சுருட்டி வைத்தார்கள். உப்புத் தண்ணீரில் ஊறியதால் பாதி அழுகிப்போயிற்று. மீதி முளைத்தது. முளை விரல்நுனி அளவு வந்ததும் நுனியைக் கிள்ளி, மருந்துத் தண்ணீரில் போட்டு வைத்தார்கள். அந்த அறைக்குள் அம்மிணி மட்டும்தான் போவார். கையுறை, முகமூடி, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொள்வார். மருந்து குடித்த முளை பார்க்கச் சகிக்காது. தடித்து, கோணி, நிறம் கெட்டுக் கிடக்கும். அதை எடுத்துக் கழுவித் தட்டில் நட்டு நிழல்வலைக்குள் வைப்பார்கள். அங்கேயும் சில போகும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவள் கேட்க மாட்டாள். வேறு எதையாவது கேட்பாள்.

"இன்னைக்கு அங்க வெயில் அதிகமுங்களா?"

"வலைக்குள்ள தெரியல."

கத்தரி கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு ஓடும்.

"காத்து அடிச்சுதா?"

"கம்பு நட்டு சாக்குக் கட்டியிருக்கறேன்."

"உம்."

இதுதான் நாங்கள் பேசிக்கொண்டது. எத்தனை இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. நானும் செத்ததைச் சொல்லவில்லை. இருப்பதை மட்டும் சொன்னேன். நிலத்தில் நட்டபோது பத்துப் பதினைந்து இருந்தன. ஒத்தையிலிருந்து வரும் செடி மற்ற செடி மாதிரி இருக்காது. இலை குறுகல். தண்டு மெலிசு. இடுப்பு உயரம் வந்தால் அதிகம். மற்ற பாத்திக்குச் சொட்டுநீர் திறந்துவிடுவேன். இதற்கு மட்டும் சொம்பில் மொண்டு வேரடியில் ஊற்றினேன். ஒரு தடவை வெட்டுப்புழு ஒன்றைச் சாய்த்துவிட்டது. அன்றைக்கு வீட்டில் கொஞ்சம் அதிகமாகப் பேசினேன் போலிருக்கிறது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சாப்புடுங்க" என்றாள். இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மிணி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஸ்கூட்டரை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

"வாங்க அம்மிணி, உள்ள வாங்க" என்று என் மனைவி எழுந்தாள். பிசிர் மூட்டையைக் காலால் ஓரம் தள்ளினாள். காபி போட்டுக் கொடுத்தாள். பக்கத்தில் உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நான் அந்த டப்பாவ மாத்தி வச்சிட்டேன். எடுக்கிறத இடது பக்கம் போடுற மாதிரி வச்சிருக்கேன். வந்து பாருங்க."

"டப்பா என்ன பண்ணுச்சு அம்மிணி."

"நான் அத முன்னாடியே கேட்டிருக்கணும். உங்களுக்கு எந்தப் பக்கம் எதுக்குப் பழக்கம்னு."

"நீங்க சொன்னீங்க. நானுந்தான் கேட்டுக்கிட்டேன். இந்தக் கைதான் கேக்கல." வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். "எத்தனை நாளு அந்தப் பாத்தியச் சுத்திச் சுத்தி வந்தீங்க. என்ற புருஷன் வந்து சொல்லுவாரு. இன்னைக்கு அம்மிணி அங்கயே உக்காந்து சாப்புட்டாங்கன்னு. அதப் போயி நான் எருமைக்குப் போட்டுட்டேன். எப்படி மூஞ்சியில முழிக்கறது."

இவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டது குறைவு.

அம்மிணி டம்ளரைக் கீழே வைத்தார். "முழுசும் போகலக்கா. அஞ்சு நிக்குது."

அவள் என்னைப் பார்த்தாள். ஐந்து என்று நான் சொல்லியிருக்கவில்லை.

"அதுல எத்தன தூள் விடும்னு தெரியாது. மருந்து புடிச்சிருந்தாத்தான் விடும். இல்லன்னா பூ வரும், தூள் இருக்காது. ஒண்ணு விட்டாக்கூடப் போதும். அந்தத் தாய் நம்ம கையில நிக்கும்."

"விடலைன்னா?"

"விடலைன்னா இல்லக்கா. அவ்வளவுதான்."

அம்மிணி வேறு ஒன்றும் கேட்கவில்லை. வேலைக்கு வாருங்கள் என்றும் சொல்லவில்லை. போகும்போது என் மனைவி முருங்கைக்காய் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு போனார்.

அந்த ஐந்தில் இரண்டு பூக்காமலே காய்ந்தன. மற்ற மூன்றில் கதிர் முடி வெளியே வருவதற்கு முன்பே சின்னப் பை மாட்டினோம். வேறு தூள் பட்டுவிடக் கூடாது. காலையில் பனி காய்ந்ததும் அம்மிணி வந்து செடி உச்சியில் தூள் விடும் பூக்கதிர் ஒவ்வொன்றையும் தொடாமல் குனிந்து பார்ப்பார். ஒன்றில் தூள் பை எதுவும் வெளியே வரவே இல்லை. இன்னொன்றில் இரண்டொன்று வந்தது, உள்ளே ஒன்றுமில்லை, சருகு. கடைசியாக நின்றது எல்லாவற்றிலும் குட்டை. அதில் ஒரு பக்கக் கிளையில் மட்டும் மஞ்சளாக எதுவோ எட்டிப் பார்த்தது.

"நாளைக்கு விரியும் அண்ணாச்சி. காத்து மட்டும் இல்லாம இருக்கணும்."

வீட்டில் வந்து சொன்னேன். "நாளைக்கு ஒண்ணு பூக்கும்போல இருக்குது."

அவள் பிசிர் மூட்டையைக் கட்டி மூலையில் வைத்தாள்.

காலையில் இரண்டு டப்பா சோறு கட்டியிருந்தாள். என் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டி, வாசலில் நின்றாள். நான் பார்த்ததும், "வண்டிய எடுங்க. வெயில் ஏறிப்போச்சுன்னா தூள் செத்துப்போயிரும்" என்றாள். கண்வலிக் காட்டில் பழகியது.

காற்று இருந்தது. பலமாக இல்லை. அந்தத் தூளைக் கொண்டுபோக அது போதும்; நான் கட்டிய சாக்கு பூக்கதிர் உயரத்துக்கு எட்டாது. அம்மிணி பாத்தியில் மண்டியிட்டுக் காகிதத்தை மடித்துப் பிடித்திருந்தார். எங்களைப் பார்த்தார். வாங்கக்கா என்றுகூடச் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை.

"காத்து வருதுக்கா."

என் மனைவி செடிக்கு மேற்கே போய் நின்றாள். சட்டைப் பொத்தானைக் கழற்றி, முந்தானையை இழுத்து, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். நான் மறுபக்கம் என் துண்டை விரித்தேன். நடுவில் அந்தக் குட்டைச் செடி. காற்று முந்தானையில் வந்து முட்டியது. செடி ஆடவில்லை.

அம்மிணி கிளையைக் காகிதத்துக்கு மேல் சாய்த்து விரலால் ஒரு தட்டுத் தட்டினார். நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடாமல் பார்த்தோம். கறுப்புக் காகிதத்தில் மஞ்சளாகக் கொஞ்சம் விழுந்தது. கோலமாவு சிந்தியது போலக்கூட இல்லை. அதைவிடக் குறைவு.

"இருக்கு" என்றார் அம்மிணி.

பையைக் கழற்றி, அந்தத் தூளைக் கதிர் முடியில் சரித்து, உடனே மூடிக் கட்டினார். என் மனைவி முந்தானையை இறக்கவில்லை. கட்டி முடித்த பிறகும் அப்படியே நின்றாள்.

"போதும்க்கா. கை வலிக்கும்."

"இருக்கட்டும் அம்மிணி. கொஞ்சம் காத்து நிக்கட்டும்."

அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். தூள் மூன்று காலை விழுந்தது. பிறகு நின்றுவிட்டது. அவள் விதைக் கொட்டகைக்குப் போகவில்லை. என்னோடு களை எடுத்தாள். மத்தியானம் இரண்டு டப்பாவையும் பாத்தி ஓரத்தில் பிரித்துவைத்துச் சாப்பிட்டோம். இத்தனை வருடத்தில் வேலை நாளில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது அப்போதுதான். அவளுக்கும் அது தோன்றியிருக்கும்.

பைக்குள் என்ன இருக்கிறது என்று உலரும் வரை தெரியாது. தொட்டுப் பார்க்கக் கூடாது என்று அம்மிணி சொல்லியிருந்தார். அவரே ஒரு நாள் பையோடு சேர்த்து அமுக்கிப் பார்த்ததை நான் பார்த்தேன். பார்க்காதது போல நகர்ந்துவிட்டேன்.

உலர்ந்த பிறகு உடைத்தோம். கதிர் என் நடுவிரல் நீளம். முக்கால்வாசி சொட்டை. அடியில் ஒரு பக்கம் மட்டும் மணி பிடித்திருந்தது. பல்லுப் போன வாய் மாதிரி இருந்தது.

அம்மிணி அதை இரண்டு கையிலும் வைத்துப் பார்த்துக்கொண்டே கொட்டகைக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். கொட்டகையில் மற்ற பெண்கள் எழுந்து வழி விட்டார்கள். பழைய மேசையில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

"அக்கா, நீங்க உதிருங்க."

"நானா? வேண்டாமுங்க அம்மிணி."

"உங்க கைதான் வேணும். சின்னக் கதிரு. என் நகம் பட்டாக் கீறிரும்."

கூட்டத்தில் ஒருத்தி, "உக்காரு அக்கா. பால்காரரு இன்னைக்கு லீவு" என்றாள். கொட்டகையே சிரித்தது. என் மனைவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. துண்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒவ்வொன்றாக உதிர்த்தாள். மேசையில் விழ விடவில்லை. உள்ளங்கையிலேயே வாங்கினாள். உதிர்த்து முடித்து, பழக்கத்தில் ஒரு மணியை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். இன்னொன்றைப் புரட்டினாள். மற்றதையும் பார்த்தாள். எதிலும் ஊதா இல்லை. தலையிலும் இல்லை, கருவிலும் இல்லை. வெளிர் மஞ்சள்.

"ஊதா எங்கம்மிணி போச்சு?"

"அது அப்பன் நிறமுல்லாக்கா. இதுல அப்பன் இல்லயே. தாய் மட்டும்தான் ரெண்டு மடங்கா இருக்கா."

"அப்ப இதுல எது நல்லது, எது ஆகாது?"

"எல்லாம் ஒண்ணுதான். ஒண்ணுக்கொண்ணு மாத்தமே இல்ல. பிரிக்க ஒண்ணும் இல்லக்கா. இனி புழு வாற காட்டுல போட்டு நிக்குதான்னு பாக்கணும். நின்னா எல்லாம் நிக்கும். போனா எல்லாம் போகும்."

என் மனைவி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கவரை வாங்கி அவளே போட்டாள். ஒன்றும் ஒட்டிக்கொள்ளவில்லை என்று கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

நான் மோட்டார் போட வெளியே வந்தேன். கொட்டகைக்குள் அவள் கேட்பது காதில் விழுந்தது.

"அடுத்த கதிரு எப்பம்மிணி வருது?"

"அங்க மூலையில ரெண்டு மூட்டை இருக்குக்கா. ஆளு இல்லாமத்தான் கெடக்கு."

"இழுத்துட்டு வரச் சொல்லுங்க. மத்தியானத்துக்குள்ள பாத்துரலாம்."

மோட்டாரைப் போட்டுவிட்டு அந்தப் பாத்திப் பக்கம் போனேன். செடியைப் பிடுங்கி வாய்க்கால் கரையில் போட்டிருந்தார்கள். நான் நட்ட கம்புகளைப் பிடுங்கி, சாக்கை உதறி மடித்து எடுத்துக்கொண்டேன்.